மனச்சாட்சியும் வாளும்: சேனாதிபதி சார்ள்ஸ் நேப்பியர்

வரலாற்றிலே கொடியவரை இனங்காண்பது எளிது. நாட்டைப் பறித்தவன் பேராசைக்காரனாகவும், குடிகளைக் கொன்றவன் இரக்கமற்றவனாகவும் இருந்துவிட்டால் நமது தீர்ப்புக்குத் தடையேதுமில்லை. குற்றம் முழுவதையும் அம்மனிதனின் குணத்தின்மேற் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால், ஏழைகளின் பசிகண்டு இரங்கிய ஒருவர், சிப்பாயின் முதுகிலே கசை விழலாகாது என்று நூல் எழுதிய ஒருவர், தாம் கைப்பற்றப்போகும் நாட்டின்மீது தமது அரசுக்கு எவ்வித உரிமையுமில்லை என்று நாட்குறிப்பிலே குறித்துவைத்த ஒருவர், பின்னர் அந்நாட்டைக் கைப்பற்றி, அதன் கொள்ளைப் பொருளிலும் பங்கு பெற்றுக்கொண்டால், அவரை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்வது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியச் சேனாதிபதி சேர் சார்ள்ஸ் ஜேம்ஸ் நேப்பியரின் (1782–1853) வாழ்வு இந்தக் கேள்வியையே நம்முன் வைக்கின்றது. சிந்துவை வென்றவர் என்று ஏகாதிபத்திய வரலாறு அவரைப் போற்றியது. சிந்துவைக் கொள்ளையிட்டவர் என்று விடுதலைபெற்ற மக்களின் வரலாறு அவரைத் தூற்றியது. இரண்டும் உண்மையே. ஆயினும், இவ்விரண்டு கூற்றுக்களுக்கும் அப்பால், நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமொன்று அவர் வாழ்விலே இருக்கின்றது.

நேப்பியர் 1782 ஓகஸ்ட் 10ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தை கேணல் ஜோர்ஜ் நேப்பியர். தாய் சேரா லெனொக்ஸ் சீமாட்டி, இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்ள்ஸின் வழிவந்தவர். குலப்பெருமை மிகுந்திருந்த அக்குடும்பத்திற் செல்வம் மிகுந்திருக்கவில்லை. அயர்லாந்தின் கில்டெயர் மாவட்டத்திலுள்ள செல்பிரிட்ஜ் என்னும் சிற்றூரிலே அவர்கள் குடியேறினர். உள்ளூர்ப் பாடசாலையிற் கத்தோலிக்கக் குடிகளின் பிள்ளைகளோடு கூடியிருந்து படித்தான் சிறுவன் சார்ள்ஸ். பன்னிரண்டாம் வயதிலேயே, 1794இல், படையதிகாரப் பத்திரம் அவன் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது. படைப்பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டும் செல்வாக்கினாற் பெறப்பட்டும் வந்த காலம் அது.

1798இல் அயர்லாந்து கிளர்ந்தெழுந்தது. ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் குடியரசு கோரி ஆயுதந் தாங்கிற்று. அச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான எட்வேட் பிற்ஸ்ஜெரால்ட் பிரபு, சார்ள்ஸின் பெரியதாயாரின் மகன், முறையில் அண்ணன். அவரும் பிரித்தானியப் படையில் அதிகாரியாக இருந்தவரே. அமெரிக்கச் சுதந்திரப் போரிலே அரச படையில் நின்று போரிட்டுக் காயமுற்றவரே. எனினும் பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கைகளை ஏற்று, 1792இல் பாரிசிலே பிரபுப் பட்டங்கள் ஒழிக என்ற விருந்துரையிற் பங்குகொண்டமைக்காகப் படையிலிருந்து நீக்கப்பட்டார். 1798 மே மாதம் கைதுசெய்யப்படும்போது பட்ட காயத்தினால், யூன் 4ஆம் திகதி டப்ளின் சிறையில் மாண்டார். அதே நாட்களிற் கேணல் நேப்பியர் தம் வீட்டைக் கோட்டையாக்கி, மைந்தரின் கைகளில் ஆயுதங் கொடுத்துக் கிளர்ச்சிக்காரரை எதிர்க்க ஆயத்தமானார். ஒரே குடும்பத்தில் இருவழிகள் திறந்திருந்தன. பதினைந்து வயதுச் சார்ள்ஸ் எவ்வழியிற் சென்றான் என்பதை வரலாறு அறியும். மற்றவழி ஒன்றிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நெப்போலியனுக்கு எதிரான போர்களிலே நேப்பியர் புகழ்பெற்றார். சேர் ஜோன் மூர் என்ற சேனாதிபதி அவருக்கு ஆசான். சிப்பாயை அடித்துப் பழக்குவதிலும் பார்க்க அறிவூட்டிப் பழக்குவதே மேல் என்ற கொள்கையுடையவர் மூர். 1809 ஜனவரி 16ஆம் திகதி ஸ்பெயினின் கொருன்னாவில் மூர் வீழ்ந்தார். 50ஆவது படைப்பிரிவை நடத்திச்சென்ற நேப்பியர் உடலெங்கும் காயங்களோடு பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கினார். அவரைக் கொல்ல முனைந்தோரிடமிருந்து காத்தவன் ஒரு பிரெஞ்சு முரசுக்காரன். இறந்தவராகக் கருதி இங்கிலாந்திலே குடும்பத்தார் துக்கங்காத்தனர். அவருக்குக் கண்பார்வையிழந்த முதிய தாய் ஒருத்தி இருக்கிறாள் என்று கேட்டறிந்த பிரெஞ்சுத் தளபதி நேய், அவரை விடுதலைசெய்து அனுப்பினார். அடுத்த ஆண்டு போர்த்துக்கலின் புசாக்கோவிலே முகத்தில் குண்டு பாய்ந்தது. அக்காயத்தின் துன்பம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1822இல் அயோனியன் தீவுகளுள் ஒன்றான கெபலோனியாவின் நிருவாகியாக அவர் அமர்ந்தார். அத்தீவுகள் அப்போது பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தன. மலைகளைக் குடைந்து வீதிகள் அமைத்தார். கலங்கரை விளக்கங்களும் நீதிமன்றமும் கட்டினார். குடியானவரை வருத்திய உள்ளூர்ப் பிரபுக்களை அடக்கினார். அவ்வீதிகளுக்கு வேண்டிய உழைப்பைக் குடியானவரிடம் கட்டாயமாகவே பெற்றார் என்பதும் உண்மை. மக்களுக்கு நன்மைசெய்ய விரும்பினார்; அந்நன்மையைத் தாமே தீர்மானிக்கவும் விரும்பினார். 1823இல் கிரேக்க விடுதலைப் போருக்கு உதவவந்த கவிஞர் பைரன் அத்தீவிலே தங்கியபோது இருவரும் நண்பராயினர். கிரேக்கப் படைக்கு நேப்பியரே தலைமை தாங்கவேண்டுமெனப் பைரன் விரும்பினார். ஆனால் அவர் பிரித்தானியப் பதவியைத் துறந்து அங்கு செல்லவில்லை. விடுதலை வேண்டிநின்ற ஒரு மக்களின் படை அவரை எதிர்பார்த்து நின்றது. அவ்வழியும் அவராற் கைவிடப்பட்டது.

1837இல் இராணுவச் சட்டத்தையும் கசையடித் தண்டனையையும் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. சமாதான காலத்திலேனும் கசையடியை ஒழிக்கவேண்டும் என்று அதிலே வாதாடினார். சாதாரணச் சிப்பாயையும் மானமுள்ள மனிதனாகக் கண்டவர் அக்காலப் படைத்தலைவர்களுள் மிகச் சிலரே. அச்சிலருள் நேப்பியரும் ஒருவர்.

நேப்பியரின் மனச்சாட்சி பெருஞ் சோதனைக்குட்பட்டது 1839இலேயாகும்.

அவ்வாண்டு இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கம் தன் வரலாற்றிலே முதன்முறையாக நாடுதழுவிய அரசியல் இயக்கமாக எழுந்துநின்றது. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, சம அளவான தொகுதிகள், ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல், உறுப்பினருக்குச் சம்பளம், வேட்பாளருக்குச் சொத்துத் தகைமை தேவையின்மை என்னும் ஆறு கோரிக்கைகளை உள்ளடக்கிய மக்கள் சாசனம் அவர்களின் கொடியாயிற்று. பன்னிரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேர் கையொப்பமிட்ட மனுவைப் பாராளுமன்றம் யூலை 12ஆம் திகதி 235க்கு 46 என்ற வாக்குக்களால் ஆராயவும் மறுத்துவிட்டது. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் வேலையற்றவனைச் சிறையொத்த தொழில்விடுதிக்குள் தள்ளியது. கைத்தறி நெசவாளர் யந்திரத்தின்முன் நலிந்தனர். வட இங்கிலாந்தின் ஆலைநகரங்களில் ஈட்டிகள் இரகசியமாக வடிக்கப்பட்டன.

பதினொரு மாவட்டங்கள் அடங்கிய வட பிரதேசத்தின் படைத்தலைமையை அரசு 1839 ஏப்ரலில் நேப்பியரிடம் ஒப்படைத்தது. அவர் நொட்டிங்காமிலே தங்கினார். சாசனத்தின் முதன்மையான கோரிக்கைகளோடு அவருக்கு முரண்பாடில்லை. வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, ஆண்டுத் தேர்தல் யாவற்றையும் அவர் வெளிப்படையாகவே ஆதரித்தவர். மக்கள் பட்டினி கிடப்பதையும், அப்பட்டினிக்கு ஆளுங்கட்சிகள் இரண்டுமே பொறுப்பு என்பதையும் தம் நாட்குறிப்பிலே சினத்தோடு எழுதினார். எவருடைய கோரிக்கைகள் நியாயமென்று நம்பினாரோ, அவர்களை அடக்குவதற்கே அவர் அனுப்பப்பட்டிருந்தார்.

அவர் என்ன செய்தார்? முதலாவதாக, நீதவான்களின் அச்சத்துக்குச் செவிசாய்த்துச் சிதறிக்கிடந்த துருப்புக்களை ஒன்றுசேர்த்தார். குதிரைவீரன் ஒரு வீட்டிலும் அவன் குதிரை வேறோரிடத்திலுமாகப் பகைகொண்ட நகரிலே தங்கவைக்கப்பட்டால், ஓரிரவிலே அவர்கள் வெட்டப்படுவர். பின்னர் பழிவாங்கலும் படுகொலையும் தொடரும் என்று கண்டார். இரண்டாவதாக, இயக்கத்தவர் சிலரை அழைப்பித்துப் பீரங்கிகளின் செயலை நேரிலே காணச்செய்தார். ஈட்டியோடு பீரங்கியை எதிர்ப்பது தற்கொலை என்பதை அவர்கள் கண்ணாற் கண்டு திரும்பட்டும் என்பது அவர் நோக்கம். மே 25ஆம் திகதி மான்செஸ்டருக்கு அருகேயுள்ள கேர்சல் மேட்டிலே பெருங்கூட்டம் கூடியபோது படை தயாராக நின்றது. ஆனால் மக்கள்மீது ஏவப்படவில்லை. இருபது ஆண்டுகளுக்குமுன், 1819இல், அதே மான்செஸ்டரின் பீட்டர் திடலிலே அமைதியாகக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்து பதினைந்து பேருக்குமேற் கொன்றதை அவர் மறந்தாரல்லர். அவர் தலைமைக்கு அப்பாற்பட்ட வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில், 1839 நவம்பர் 4ஆம் திகதி, இருபது பேரளவிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். நேப்பியரின் பிரதேசத்திலோ அத்தகைய படுகொலை நிகழவில்லை.

இதற்காக அவருக்குரிய மதிப்பை நாம் மறுக்கவேண்டியதில்லை. வேறொருவர் அப்பதவியில் இருந்திருந்தால் பல தாய்மார் மைந்தரை இழந்திருப்பர். ஆயினும் நாணயத்தின் மறுபுறத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும். அவருடைய இரக்கம் அவருடைய படைத்திறமையின் ஓர் அங்கமாகவே தொழிற்பட்டது. குண்டு சுடாமலே வெற்றிபெறும் சேனாதிபதியே ஆளும் வர்க்கத்துக்கு மிகவும் பயனுள்ள சேனாதிபதி. சுட்டிருந்தால் தியாகிகள் தோன்றியிருப்பர், இயக்கம் கனன்றிருக்கும். இரக்கமுள்ளவரின் கையிலே பீரங்கி அமைதியாக நின்றது. நின்றவாறே தன் வேலையைச் செய்தது. சாசனம் தோற்றது. வேட்பாளரின் சொத்துத் தகைமை 1858இலும், இரகசிய வாக்கெடுப்பு 1872இலும், உறுப்பினரின் சம்பளம் 1911இலும், ஆண்கள் அனைவரின் வாக்குரிமை 1918இலுமே கிட்டின. 1839இலே நியாயமென்று சேனாதிபதியே ஒப்புக்கொண்டதைப் பெறுவதற்கு மேலும் இரண்டு மூன்று தலைமுறைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1841இல் நேப்பியர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வயது ஐம்பத்தொன்பது. உடல் முழுவதும் பழைய காயங்கள். தம் பெண்மக்கள் இருவருக்கும் பொருள் தேடிவைக்க வேண்டுமென்பதே தமது நோக்கமென்று அவர் ஒளிக்காமற் கூறினார்.

அப்போது இந்தியாவிலே பிரித்தானியரின் மதிப்புக் குலைந்திருந்தது. 1842 ஜனவரியிற் காபூலிலிருந்து பின்வாங்கிய பதினாறாயிரம் பேர், அவர்களுட் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் பணியாட்களும், பனியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் அழிந்தனர். இழந்த மதிப்பை மீட்கவேண்டும். சிந்து நதியைக் கம்பனியின் வாணிபக் கப்பல்களுக்குத் திறக்கவேண்டும். மகாதேசாதிபதி எலன்பரோ பிரபுவின் கண் சிந்து நாட்டின்மேல் விழுந்தது.

சிந்துவைத் தால்பூர் மீர்கள் என்னும் பலூச்சி வம்சத்தார் ஆண்டுவந்தனர். ஐதராபாத், கைர்பூர், மீர்பூர் என மூன்று கிளைகள். அவர்கள் நல்லரசர் என்று நாம் சாதிக்கவேண்டியதில்லை. விளைநிலங்களை வேட்டைக்காடுகளாக்கிக் குடியானவரை வருத்தியோர்தான் அவர்கள். ஆயின் கம்பனிக்கு அவர்கள் தீங்கிழைத்தவரல்லர். இருதரப்பாரும் ஒருவர் உடைமையை மற்றவர் இச்சித்தலாகாது என்று 1832ஆம் ஆண்டின் உடன்படிக்கை தெளிவாகக் கூறியிருந்தது. அவ்வுடன்படிக்கை, படைகளும் போர்ச்சாமான்களும் சிந்துவினூடாகச் செல்வதையும் தடுத்திருந்தது. ஏழாண்டுகள் கழியுமுன் கம்பனியின் படை சிந்துவினூடாகவே ஆப்கானிஸ்தானுக்கு நடந்தது. 1839இல் மற்றோர் உடன்படிக்கை திணிக்கப்பட்டது. 1842இல் இன்னுமொன்று ஆயத்தமாயிற்று. கராச்சி, தட்டா, சக்கர், பக்கர், ரோரி ஆகிய இடங்களை ஒப்படைக்கவேண்டும். நீராவிக் கப்பல்களுக்காக ஆற்றோர மரங்களை வெட்டும் உரிமை வேண்டும். நாணயத்திலே இங்கிலாந்து அரசியின் தலை பொறிக்கப்படவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது.

1842 செப்டெம்பரில் நேப்பியர் சிந்துவில் இறங்கினார். படையதிகாரமும் அரசியலதிகாரமும் அவரிடமே ஒப்புவிக்கப்பட்டன. மீர்கள் கம்பனியின் பகைவரோடு கடிதத்தொடர்பு கொண்டனர் என்பது குற்றச்சாட்டு. அக்கடிதங்களின் முத்திரைகள் மெய்யானவைதாமா என்பதே ஐயத்துக்கிடமாயிருந்தது. கைர்பூரின் தலைமை மீர் ருஸ்தம் எண்பது வயது கடந்தவர். அவருடைய தலைப்பாகையைப் பறித்துத் தான் சூடிக்கொள்ள முனைந்தான் தம்பி அலி முராத். நேப்பியர் தம்பியின் பக்கம் நின்றார். 1843 ஜனவரியில், போர்ப்பிரகடனம் எதுவுமின்றி, பாலைவனத்தின் நடுவேயிருந்த இமாம்கார் கோட்டையை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். சிந்துவைப் பறிக்க நமக்கு உரிமையில்லை, ஆயினும் பறிக்கத்தான் போகிறோம், அது மனிதாபிமானமும் இலாபமும் கலந்த அயோக்கியத்தனமாக இருக்கும் என்னும் கருத்துப்பட அவர் நாட்குறிப்பில் எழுதியது இக்காலத்திலேயாகும்.

பெப்ரவரி 12ஆம் திகதி ஐதராபாத் மீர்கள் புதிய உடன்படிக்கையிற் கையொப்பமிட்டுவிட்டனர். கேட்டவை யாவும் கொடுக்கப்பட்டாயிற்று. ஆயினும் நேப்பியரின் படை நடையை நிறுத்தவில்லை. தலைநகரை நோக்கிப் படை வருகிறது என்றறிந்த பலூச்சி வீரர் கொதித்தெழுந்தனர். 15ஆம் திகதி பிரித்தானியப் பிரதிநிதி ஊட்ரமின் இருப்பிடத்தைத் தாக்கினர். போருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. 17ஆம் திகதி, புலேலி ஆற்றின் வறண்ட படுகையருகே மியானி என்னுமிடத்திற் போர் மூண்டது. நேப்பியரிடம் இருந்தோர் மூவாயிரத்துக்கும் குறைந்தவர். எதிரே அதைப்போற் பல மடங்கினர். ஆனால் ஒருபுறம் பீரங்கியும் ஒழுங்கான துப்பாக்கி அணியும். மறுபுறம் வாளும் கேடயமும் பழைய திரித்துப்பாக்கியும். ஆற்றங்கரையேறி வந்தோர் அணியணியாக வீழ்ந்தனர். பிரித்தானியரின் பக்கத்தில் இறந்தோர் நூற்றுக்குக் குறைவு. பலூச்சியருள் இறந்தோரை நேப்பியர் ஆயிரக்கணக்கிற் கணித்தார்.

மார்ச் 24ஆம் திகதி துப்பாவில் இறுதிப் போர் நிகழ்ந்தது. மீர்பூரின் மீர் ஷேர் முகம்மதுவின் படைக்கு முன்னின்றவன் ஹோஷூ ஷீதி. ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல் அவன். உயிரைத் தருவோம், சிந்துவைத் தரமாட்டோம் என்று முழங்கி அவன் களத்திலே மடிந்தான் என்று சிந்தி மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். மீர்கள் தம் ஆட்சிக்காகப் போரிட்டனர். ஆளப்பட்டோருள்ளும் தாழ்த்தப்பட்ட மரபில் வந்த ஒருவன் நாட்டின் பெயரால் மடிந்தான். மக்கள் நினைவு யாரைத் தேர்ந்துகொண்டது என்பது கருதத்தக்கது.

சிந்து கம்பனியின் உடைமையாயிற்று. மீர்கள் நாடுகடத்தப்பட்டனர். ஐதராபாத் கோட்டையின் பொக்கிஷம் பரிசுப்பணமாகப் பங்கிடப்பட்டது. நேப்பியரின் பங்கு 50,000 பவுணுக்குக் குறையாதது. கம்பனியின் காலாட் சிப்பாய்க்கு அந்நாளில் மாதச் சம்பளம் ஏழு ரூபா. ஒரு பவுணைப் பத்து ரூபாவாகக் கொண்டு கணக்கிட்டால், சேனாதிபதியின் ஒருநாட் பங்கு ஒரு சிப்பாயின் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். பெண்மக்களுக்குப் பொருள் தேடியாயிற்று. ஊட்ரம் தமக்குக் கிடைத்த மூவாயிரம் பவுணைத் தம் செலவுக்கு எடுக்காமல் தருமத்துக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றங்குறையற்ற வீரரென்று முன்பு வாழ்த்திய நேப்பியர் அதன்பின் ஆயுட்காலப் பகைவரானார்.

இங்கிலாந்திலும் எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. காபூல் தோல்விக்குப்பின் சிந்துவைப் பறித்தமை, தெருவிலே உதைவாங்கியவன் வீட்டுக்கு வந்து மனைவியை அடித்துப் பழிதீர்ப்பதைப் போன்றது என்றார் பம்பாயின் முன்னாள் தேசாதிபதி எல்பின்ஸ்டன். பிரதமர் பீலின் மந்திரிசபை முழுவதுமே அச்செயலை வெறுத்தது என்று அதில் அங்கம்வகித்த கிளாட்ஸ்டன் பின்னாளில் வெளியிட்டார். வெறுத்தவர்கள் சிந்துவைத் திருப்பிக் கொடுத்தார்களா? இல்லை. 1844 பெப்ரவரியில் அதே அரசு வெற்றிபெற்ற படைக்குப் பாராளுமன்றத்திலே நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒருவரும் விரும்பாத அநீதி, எல்லோர் கையாலும் நிறைவேறியது. தனித்தனியே ஒவ்வொருவரிடமும் மனச்சாட்சி இருந்தது. ஒன்றுகூடியபோது வாணிபத்தின் கணக்கே எஞ்சியது.

1844 மே மாதம் பஞ்ச் என்னும் நகைச்சுவைப் பத்திரிகையில் ஒரு சிலேடை வெளிவந்தது. சிந்துவை வென்ற சேனாதிபதி "பெக்காவி" என்ற ஒரே இலத்தீன் சொல்லிலே செய்தியனுப்பினாராம். "நான் பாவஞ் செய்தேன்" என்பது அதன் பொருள்; ஆங்கிலத்திலே சொன்னால் "நான் சிந்துவைப் பெற்றேன்" என்பதாகவும் ஒலிக்கும். நேப்பியர் அப்படி எதுவும் அனுப்பவில்லை. கதரின் விங்க்வேர்த் என்ற பதினாறு வயதுச் சிறுமியின் கற்பனை அது. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகப் பாடசாலைகளிலே அது மெய்யென்றே நம்பப்பட்டது. நாட்குறிப்பை அறியாத ஒரு சிறுமியின் சிரிப்பு, நாட்குறிப்பின் உண்மையைத் தொட்டுவிட்டது.

1843 முதல் 1847 வரை நேப்பியர் சிந்துவின் தேசாதிபதியாக இருந்தார். அடிமை வியாபாரத்தைத் தடுத்தார். பொலிஸ் படையொன்றை அமைத்தார். கராச்சித் துறைமுகத்தைப் பெருக்கத் திட்டமிட்டார். விதவையை எரிப்பது எங்கள் வழக்கம் என்றோரிடம், எரிப்பவரைத் தூக்கிலிடுவது எங்கள் வழக்கம் என்று அவர் விடைகூறியதாக ஒரு கதை உண்டு. அதை எழுதிவைத்தவர் அவருடைய தம்பி வில்லியம் நேப்பியர். ஏகாதிபத்தியத்துக்கு நியாயங் கற்பிப்போர் இன்றும் அக்கதையைத் தூக்கிப்பிடிக்கின்றனர். பெண்ணை எரிப்பதைத் தடுப்பது நன்றே. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆயின் அந்நன்மை, ஆயிரக்கணக்கானோரைக் கொன்று நாட்டைப் பறித்த உரிமைப்பத்திரம் ஆகிவிடுமா? ராம்மோகன் ராய் ஒரு பீரங்கியுமின்றியே அவ்வழக்கத்தை எதிர்த்துப் போரிட்டவரல்லரோ?

மேலும், சிந்துவின் உழவனுக்கு அவ்வாட்சி எதைக் கொடுத்தது என்று கேட்கவேண்டும். 1844 மே மாதம் நேப்பியர் கூட்டிய தர்பாரிலே பலூச்சித் தலைவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து பணிந்தனர். பணிந்தோர்க்கு அவர்களுடைய ஜாகீர் நிலங்கள் உறுதிசெய்யப்பட்டன. அரசர் போயினர், நிலப்பிரபுக்கள் நிலைத்தனர். "ஹாரி" எனப்படும் வாரக்குடியானவன் முன்போலவே விளைச்சலிற் பாதியையும் அதற்கு மேலும் அளந்துகொடுத்தான். 1930இற் சிந்து ஹாரிக் குழு தோன்றி, பின்னர் ஹைதர் பக்‌ஷ் ஜதோய் போன்றோரின் தலைமையிற் போராட நேர்ந்தது அந்தப் பழைய தளையை அறுப்பதற்கேயாகும். கொடுங்கோலரிடமிருந்து மக்களை மீட்கவே வந்தோம் என்ற வாதம் நிலத்தின் வரம்பிலே வந்து நின்றுவிட்டது.

வெற்றியின் விலையைச் சிப்பாயும் கொடுத்தான். அந்நிய நாட்டிலே பணிபுரியும்போது "பட்டா" என்னும் மேலதிகப் படி கொடுக்கப்படுவது வழக்கம். சிந்து இப்போது கம்பனியின் நாடாகிவிட்டது. ஆகவே அந்தப் படி இல்லையென்றாயிற்று. சிப்பாயின் இரத்தத்தினால் நாடு பெரிதாயிற்று. நாடு பெரிதானமையினாற் சிப்பாயின் ஊதியம் சிறிதாயிற்று. 1844இல் வங்காளப் படையின் 34ஆவது பிரிவு சிந்துவுக்குச் செல்ல மறுத்துக் கலைக்கப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த சென்னைப் படையின் 47ஆவது பிரிவும் சிந்துவுக்குச் செல்லும் வழியிலே, பம்பாயில், படிகுறித்து ஏமாற்றப்பட்டதை அறிந்து குமுறியெழுந்தது.

1849இல் நேப்பியர் இந்தியப் படைகள் அனைத்துக்கும் பிரதம சேனாதிபதியாக மீண்டும் வந்தார். அவ்வாண்டு பஞ்சாப் இணைக்கப்பட்டது. அங்கும் அதே படிப்பிரச்சினை எழுந்தது. 1850இற் கோவிந்த்கார் கோட்டையில் 66ஆவது பிரிவு கிளர்ந்தபோது, அதைக் கலைத்து அதன் இடத்திற் கூர்க்காக்களை அமர்த்தினார். அதேவேளை, உணவு விலைக்குரிய படியைக் குறைக்கும் விதியொன்றைத் தம் பொறுப்பிலேயே நிறுத்திவைத்தார். மகாதேசாதிபதி டல்ஹௌசி அவரைக் கண்டித்தார். நேப்பியர் பதவி துறந்தார்.

இந்த இடத்திலே நாம் சற்று நிற்கவேண்டும். தமது நீண்ட வாழ்விலே நேப்பியர் தம் மேலாளரோடு மாறுபட்டுப் பதவியைத் தூக்கியெறிந்தது இப்போதுதான். நியாயமென்று தாம் கருதிய சாசனத்தை அடக்க அனுப்பப்பட்டபோது எறியவில்லை. உரிமையில்லை என்று தாமே எழுதிய நாட்டைப் பறிக்கப் பணிக்கப்பட்டபோதும் எறியவில்லை. தமது அதிகாரம் குறைக்கப்பட்டபோது எறிந்தார். துறப்பதற்குரிய துணிவு அவரிடம் இல்லாமலில்லை. அத்துணிவு எதற்காகச் செலவழிக்கப்பட்டது என்பதே கேள்வி. அவருடைய மனச்சாட்சி நாட்குறிப்பிலே வாழ்ந்தது. அவருடைய மானம் மட்டுமே செயலிலே வாழ்ந்தது.

1853 ஓகஸ்ட் 29ஆம் திகதி போர்ட்ஸ்மத் அருகே அவர் காலமானார். இந்திய ஆட்சியின் குறைகளைச் சாடி அவர் எழுதிய நூல் அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. நான்காண்டுகளின்பின், 1857இல், சிப்பாய்களின் குமுறல் பெருந்தீயாக மூண்டது.

இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் அவருடைய வெண்கலச் சிலை நிற்கின்றது. பொதுமக்கள் நிதியால் எழுப்பப்பட்டது, நிதி தந்தோருட் பெருந்தொகையினர் சாதாரணச் சிப்பாய்கள் என்று அதன் பீடம் கூறுகின்றது. மியானிப் போரின் அறிக்கையிலே அதிகாரிகளின் பெயர்களோடு சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களையும் எழுதி அனுப்பியவர் அவர். அவர்கள் அதை மறக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் இலண்டன் நகர மேயராயிருந்த கென் லிவிங்ஸ்டன், அங்கே நிற்கும் இச்சேனாதிபதி யாரென்றே தமக்குத் தெரியாது, இச்சிலையை அகற்றலாம் என்றார். சிலை அகற்றப்படவில்லை.

அகற்றுவதா வைத்திருப்பதா என்பது இலண்டன் மக்களின் விடயம். நம்முடைய விடயம் வேறு. பட்டினிக்குத் தப்பிப் படையிற் சேர்ந்த ஏழைகள், தங்களை மனிதராக மதித்த ஒரே தலைவருக்காகச் சில்லறைக் காசுகளைச் சேர்த்தனர். அந்த அன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்பே, தங்களைப் போன்ற உழவரின் நாட்டை வெல்ல அவர்களை நடத்திச்சென்ற கயிறாகவும் இருந்தது. கொடிய சேனாதிபதியைச் சிப்பாய் என்றாவது ஒருநாள் எதிர்ப்பான். நல்ல சேனாதிபதியின் பின்னே எங்கும் செல்வான்.

ஆகவே, ஆள்வோரிடையே நல்லவர் இருக்கிறார்களா என்று தேடி ஆறுதலடைவது போதாது. இருப்பார்கள், எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்த நன்மை எதற்குப் பணிசெய்கின்றது, எந்தக் கட்டளையின்முன் அது "மாட்டேன்" என்று சொல்லும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. எட்வேட் பிற்ஸ்ஜெரால்ட் அச்சொல்லைச் சொன்னார். டப்ளின் சிறையில் மாண்டார். அவருடைய தம்பி முறையினர் அச்சொல்லை அறிந்திருந்தார்; அறுபதாண்டுகள் வாள்தாங்கியும், சொல்லவேண்டிய இடத்தில் ஒருமுறையேனும் அதைச் சொல்லவில்லை.